நாற்பது மில்லிமீட்டர் பெட்டி

கேம் மெக்கானிக் வீட்டுக் கூடத்தில் இருந்த மரப்பெட்டி, அவர் மனைவி பொறாமைப்பட்டபோதெல்லாம் ஆழம் குறைந்தது. லேசான பொறாமைக்கு ஒரு மில்லிமீட்டர், மனதில் தங்கிவிட்டதற்கு இரண்டு. சத்தமில்லாமல் நடந்ததால் ஒரு வருடம் யாரும் கவனிக்கவில்லை.

அவர் விளையாட்டு மிஷின்களைப் பழுது பார்க்கிறவர். அவள் கட்டட வரைபடம் போடுகிறவள். கல்யாணத்துக்கு முன்பு, அவர் சரிசெய்து கொடுத்த மிஷினிலேயே அவரைப் பதினோரு தடவை தோற்கடித்தவள். பத்து தடவை விட்டுக்கொடுத்ததாக அவர் சொல்வார். பதினோராவதைப் பற்றிப் பேசமாட்டார். கல்யாணமான பன்னிரண்டாம் வருடத்தில், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட ஒரு மேஜை செய்வதாக அவர் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான், முட்டி இடிக்கக் கூடாது. அதனால் பலகைக்கு அடியில், ஆடும்போது அழுத்தும் பட்டன்கள் உட்காரும் பெட்டிக்கு உள் ஆழம் நாற்பது மில்லிமீட்டர் என்று அவளே வரைந்து கொடுத்தாள். சாதாரண பட்டனுக்கு, அடியில் மாட்டும் வயரோடு சேர்த்து, அறுபது மில்லிமீட்டராவது வேண்டும். குட்டைப் பட்டன் தேடி அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த ஒரு பெண், முப்பத்தெட்டில் இருக்கிறது என்றாள். சிரித்தால் அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதை அவர் வீட்டில் வந்து சொல்லியிருக்க வேண்டாம்.

பட்டன்களைப் பொருத்தியபோது அடிமூடி மூடவில்லை. பெட்டி அதற்குள் முப்பத்தேழுக்கு வந்திருந்தது. ஆனால் அதை யாரும் அளக்கவில்லை. அவள் போட்ட கோடு ஒரு மயிரிழைகூடப் பிசகியதில்லை என்பதால், அவள் வரைந்ததை அந்த வீட்டில் அளக்கும் வழக்கமே இல்லை. அவர் பட்டனைத்தான் திரும்பத் திரும்ப அளந்தார். பிறகு மறுபடி கடைக்குக் கிளம்பினார்.

"அந்தக் கடைக்குப் போறதுக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டையா?"

"மத்ததெல்லாம் துவைக்கக் கிடக்கும்மா."

"கேக்கலைங்க. சும்மா சொன்னேன்."

அன்று இரண்டு மில்லிமீட்டர் போயிற்று. கடைக்காரி முப்பத்து நான்கில் வரவழைத்தாள். அது வருவதற்குள் பெட்டி முப்பத்திரண்டு. கடைக்காரி போன் செய்தால் ஒன்று. பட்டன் வாங்கப் போன மனுஷன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்த நாளில் மூன்று. வருடக் கடைசியில் மேஜை இழுப்பறையில் ஒன்றைவிட ஒன்று குட்டையாக ஐந்து ஜோடிப் பட்டன்கள் கிடந்தன. தச்சர் வந்து பார்த்துவிட்டு, புது மரம் கொஞ்ச நாள் அப்படித்தான் என்றார். பட்டன் கிடைத்துவிட்டால் கடைக்குப் போக முடியாதே, அதனால்தான் இவர் கிடைக்கவிடமாட்டேன் என்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். இவர் இந்த மேஜையை முடிக்கப்போவதில்லை, பக்கத்தில் வந்து உட்காரப்போவதும் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்றைய வரைபடத்தில் ஒரு வீட்டுக்கு வாசல் வைக்க மறந்துபோனாள்.

மறுநாள் ஸ்டீல் ஸ்கேலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பொய்யை அளவோடு பிடிப்பதற்காக அவளே கடைக்குப் போனாள். கடைசிப் பட்டனுக்குக் கடைக்காரி சொன்ன இருபத்து நான்கு, ஸ்கேலிலும் இருபத்து நான்காகவே இருந்தது. கன்னக்குழியும் சொன்ன இடத்தில்தான் இருந்தது.

"என் பட்டன் சரியாத்தான் இருக்கு அக்கா. உங்க பெட்டியை ஒருதடவை அளந்து பாருங்களேன்."

"அது நான் போட்ட அளவு."

"அதான் யாருமே அளக்கலை போல."

வீட்டுக்கு வந்து அளந்தாள். பத்தொன்பது. நம்பாமல் ஒரு வாரம் தினமும் அளந்து, என்றைக்கு என்ன நினைத்தோம் என்று வரைபடத்தின் ஓரத்தில் குறித்துப் பார்த்ததில் கணக்கு சரியாக வந்தது. தொழில் தெரிந்தவள் என்பதால் ரப்பரை எடுத்து நாற்பதை அழித்து, வாரக் கடைசியில் இருந்த பதினேழை எழுதினாள். அவரிடமும் சொன்னாள். தன் கைதான் தொழிலை மறந்துவிட்டதோ என்று பயந்துகொண்டிருந்த அவர், அந்தப் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பதினைந்தில் தட்டைப் பட்டன்களை இந்த முறை அவளே போய் வாங்கி வந்தாள். மேஜை முடிந்தது.

ஆனால் கடைக்குப் போகிற பழக்கம் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் மத்தியானம்தான் வருவாள், அதுவும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு.

"அங்க அப்படி என்ன சிரிப்பு, தெருமுனை வரைக்கும் கேக்குது?"

"பொம்பளைங்க பேச்சுங்க."

"கேக்கலை. சும்மா சொன்னேன்."

மறுநாள் காலை பெட்டி பதினெட்டில் இருந்தது. அவருடைய பொறாமைக்குப் பெட்டி ஆழமானது. ஒன்றும் சின்னப் பொறாமையில்லை. மூன்றே வருடத்தில் நாற்பதைத் தாண்டிவிட்டது. பழைய பட்டன்களெல்லாம் இப்போது தாராளமாக உள்ளே போகும். சாயங்காலம் இருவரும் ஆட உட்காரும்போது, சில நாள் அவள் முட்டி பெட்டியில் இடிக்கும். இன்றைக்கு யார்மேல் பொறாமை என்று அவள் கேட்பதில்லை. நாற்காலியைப் பின்னால் நகர்த்துவதும் இல்லை.