ஐந்து மணிப் படகு

“கடல் பார்த்த ரூம்னு போட்டிருந்தாங்களே, கடல் எங்கங்க?”

வாட்ச்காரரின் மனைவி ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதில் வரிசையாக ஏ.சி. பெட்டிகள். ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அதோ சொட்டுதே, அதான் கடல். கொடுத்த காசுக்கு ஏத்த கடல்” என்றார் வாட்ச்காரர்.

அவள் சிரித்தாள். இன்றைக்கு எதற்கு வேண்டுமானாலும் சிரிக்கத் தயாராக இருந்தாள். படத்தில் நீலமாக விரிந்திருந்த நீச்சல்குளம் நேரில் துணி அலசும் தொட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கட்டில் உட்கார்ந்தால் முனகியது. குளியலறைக் கதவைச் சாத்த ஒரு செங்கல்லை முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. எதுவும் அவளுக்கு உறைக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம். அதற்காகத்தான் இந்தப் பயணம். நேராகப் போகும் விமானமும் இருந்தது. ஒரு பகல், ஒரு இரவு இந்தத் தீவில் தங்கிப் போகும் டிக்கெட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் இவள்தான். விலை குறைவு என்று கணவனிடம் சொன்னாள். உண்மையான காரணத்தைக் கிளம்புவதற்கு முதல் நாள்தான் சொன்னாள்.

அவர்கள் பையன் இங்கேதான் இருக்கிறான். படகில் அரை மணி தூரத்தில் ஒரு குட்டித் தீவு, அதில் பணக்காரர்கள் வந்து தங்கும் விடுதி. அதன் சமையலறையில் வேலை. மூன்று வருடம் முன்பு, “எல்லாரும் போன்ல மணி பார்க்கிறாங்க, இந்த வாட்ச் கடையில உட்கார்ந்து நான் யாரைப்பா பார்க்கிறது?” என்று கேட்டான். “அப்ப போ. இனிமே இந்த வாசல்ல உன் நிழல்கூட விழக் கூடாது” என்று சொல்லிவிட்டார் அப்பா. விழவில்லை.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் பையனுக்கு இந்தக் கரைக்கு வர அனுமதி. ஐந்து மணிப் படகில் வந்து ஆறு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரம்தான் போனும் கையில் கிடைக்கும். போன வாரம் அம்மாவிடம் சொல்லியிருந்தான்: “இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்கம்மா. நீங்க வர்ற அன்னைக்கு ராத்திரிதான் கடைசி. அப்பாவும் உன்கூட படகுத்துறைக்கு வந்தார்னா, கையெழுத்துப் போடாம ஊருக்கு வந்துடறேன்.”

அவள் அதை அப்படியே கணவனிடம் ஒப்பித்தாள். அவர் கண்ணில் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுக்காமலே, “வரேன்” என்றார். ஒரே வார்த்தை. அன்று இரவு அவள் தூங்கவே இல்லை.

தெருவில் வாட்ச்காரருக்குப் பட்டப்பெயர் ‘சைரன்’. அவர் கடை ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டால் மணி ஒன்பது. மனைவியின் தாலியை மறந்தாலும் முகூர்த்த நேரத்தை மறந்திருக்க மாட்டார் என்று அவர் மைத்துனர்கள் இன்னும் கிண்டல் செய்வார்கள். கையில் சாவி கொடுக்கும் பழைய வாட்ச். தினமும் காலையில் ரேடியோவோடு ஒத்துப் பார்ப்பார். “கடையில இருக்கிற அத்தனை கடிகாரமும் இதைப் பார்த்து ஓடும். இது எவனையும் பார்த்து ஓடாது” என்பார்.

விமானம் இறங்கியபோது அவள் கேட்கத்தான் செய்தாள். “ஏங்க, ஊருக்கு ஊர் மணி மாறும்னு பொண்ணு சொன்னாளே?”

“அது அவ இருக்கிற ஊருக்கு. அங்க இறங்கினதும் மாத்திக்கலாம். இது வழியில நிக்கிற இடம்தானே. வண்டி காப்பிக்கு நிக்கிற மாதிரி.”

அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை. நேரத்தைப் பற்றி அவருக்கா தெரியாது?

அவள் குளிக்கப் போனபோது வாட்ச்காரர் கீழே இறங்கினார். வரவேற்பறைச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம், எட்டே முக்காலில் நின்று போயிருந்தது. நின்ற கடிகாரத்துக்குக் கீழே சும்மா உட்கார அவரால் முடியாது. பல்லில் நார் சிக்கின மாதிரி இருக்கும்.

“இதை இறக்கலாமாம்மா?”

வரவேற்பு மேஜைப் பெண் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அது செத்து ரொம்ப நாளாச்சு சார்.”

“சாகல. மயக்கம்” என்றார். சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தார். ஒரு முள் இன்னொன்றில் தட்டி நின்றிருந்தது, அவ்வளவுதான். நிமிர்த்தினார், தூசி ஊதினார், தன் வாட்சைப் பார்த்து நேரம் வைத்தார். மாட்டிவிட்டு நாலடி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

“சரியா இருக்காம்மா?”

“சூப்பர் சார்” என்றாள் அந்தப் பெண், போனைப் பார்த்தபடியே.

அறைக்குத் திரும்பியவர் இதைப் பற்றி மனைவியிடம் சொல்லவில்லை. கடிகாரம் சரி செய்வது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. யாராவது மூச்சு விட்டேன் என்று வந்து சொல்வார்களா?

பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பிடப் போனார்கள். சாப்பாடு தீர்ந்துவிட்டது என்றார் பரிமாறுபவர்.

“ஒரு மணிகூட ஆகலை, அதுக்குள்ள தீர்ந்துடுச்சா? நல்ல லாட்ஜுதான் போ!” என்று வாட்ச்காரர் முணுமுணுத்தார். ரொட்டியும் பழமும் வாங்கித் தின்றார்கள்.

மத்தியானம் அவள் மூன்று தடவை கீழே போய் வந்தாள். புடவையை மாற்றிக்கொண்டு ஒரு தடவை, தலையைப் பின்னிக்கொண்டு ஒரு தடவை, சும்மாவே ஒரு தடவை. “எதுக்கு இந்த நடை? என் கையில வாட்ச் இல்லையா?”

“உங்க வாட்ச் ஊர்க்காரன். இந்த ஊர்க் கடிகாரத்தையும் ஒரு வார்த்தை கேட்டுக்கணும்ல? ரெண்டும் ஒண்ணுதான் சொல்லுது.” அவளுக்கு நிம்மதி.

நாலு இருபதுக்குக் கிளம்பினார்கள். படகுத்துறைக்குக் கால் மணி நடை. வழியில் கடற்கரை தெரிந்தது. படத்தில் பார்த்த வெள்ளை மணலைக் காணோம். வாடகைக் குடைகளும் டீசல் வாடையும்தான். கடலின் நிறமே மங்கத் தொடங்கியிருந்தது.

“இந்த ஊர்ல சூரியன்கூட சீக்கிரம் கடையைக் கட்டுதுங்க” என்றாள்.

“எல்லாமே அரைகுறை. சாப்பாடு அரை, கடல் அரை, வெயில் அரை.”

துறையில் யாரும் இல்லை. தூரத்தில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அதன் பின் பக்கம் ஒருவன் கரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. “பாவம், யாரையோ விட்டுட்டுப் போறான் போல” என்றாள் அவள்.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வாட்ச்காரர் சட்டைக் காலரைச் சரி செய்தார். பிறகு மறுபடியும் சரி செய்தார்.

“என்ன சொல்லப் போறீங்க அவன்கிட்ட?”

“என்ன சொல்றது? சாப்பிட்டியான்னு கேப்பேன்.”

“அது போதும்ங்க.”

டிக்கெட் கொடுப்பவர் கவுண்ட்டரைப் பூட்டிக்கொண்டு வந்தார். “யாருக்காக உட்கார்ந்திருக்கீங்க?”

“அஞ்சு மணிப் படகுக்கு. பையன் வரான்” என்றாள்.

“அஞ்சு மணிப் படகா? அது வந்து திரும்பியும் போயிடுச்சேம்மா.”

வாட்ச்காரர் மணிக்கட்டை நீட்டினார். “என்னய்யா விளையாடறீங்க? மணி நாலே முக்கால்.”

டிக்கெட்காரர் தன் போனை எடுத்துக் காட்டினார். ஆறு பதினைந்து.

“இல்லைங்க, லாட்ஜ்லயும் பார்த்தேனே! சுவர்க் கடிகாரம்! மூணு தடவை பார்த்தேனே!” என்றாள் அவள்.

வாட்ச்காரர் போனைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். தீர்ந்துபோன சாப்பாடு, சீக்கிரம் மங்கிய வெயில், எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தன.

“அந்தக் கடிகாரத்துக்கு நான்தான் மணி வச்சேன்” என்றார்.

அவள் அவரையே பார்த்தாள்.

டிக்கெட்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. “ஒல்லியா, உசரமா ஒரு தம்பியா? ஒரு மணி நேரம் இங்கேயேதான் நின்னுச்சு. அம்மா நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பார்த்துச்சு.”

அவளுடைய பட்டன் போன் விமானம் ஏறும்போது அணைந்தது. இந்த ஊரில் அதற்கு உயிர் வரவே இல்லை.

“நான்தான் சொன்னேன், ‘லேட்டாகியிருக்கும் தம்பி, புது ஊரு’ன்னு. அது சிரிச்சுது. ‘எங்கப்பா வாழ்க்கையில ஒரு நிமிஷம் லேட்டானதில்லைங்க. அவர் வரலைன்னா, வர இஷ்டமில்லைன்னு அர்த்தம். போய்க் கையெழுத்துப் போட்டுடறேன்’னு சொல்லிட்டு ஏறிடுச்சு.”

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். படகு போன திசையில் இப்போது ஒன்றுமே இல்லை.

டிக்கெட்காரர் நல்லவர். குட்டித் தீவுக்குப் போன் போட்டார். “விருந்தாளிங்களுக்கு வர்ற போனை மட்டும்தான் உள்ள கொடுப்பாங்களாம். கட் பண்ணிட்டாங்க” என்றார். வேறு படகு கிடையாது. காலையில் காய்கறிப் படகு போகும். இவர்களுடைய விமானமோ காலை ஏழு மணிக்கு.

“ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, காய்கறிக்காரர்கிட்ட சொல்லி விடறேன்.”

“அவங்கப்பா வந்தார், மணி தப்பாயிடுச்சுன்னு சொல்லுங்க” என்றார் வாட்ச்காரர்.

“நம்ப மாட்டான்” என்றாள் மனைவி. “உங்களுக்கு மணி தப்பும்னு அவன் நம்பவே மாட்டாங்க.”

வாட்ச்காரர் கையிலிருந்த வாட்சைக் கழற்றினார். முழுக்கச் சாவி கொடுத்தார். கைக்குட்டையில் சுற்றி நீட்டினார்.

“இதைக் கொடுக்கச் சொல்லுங்க. யாரும் முள்ளைத் தொடக் கூடாது. ஒன்றரை மணி நேரம் பின்னாலயே ஓடட்டும். பார்த்தா அவனுக்குப் புரியும்.”

“கையெழுத்து இன்னைக்கு ராத்திரியே ஆயிடுமே சார்.”

“ஆயிடும்” என்றார் வாட்ச்காரர். “இருந்தாலும் கொடுங்க.”

விடியற்காலையில் பெட்டியோடு கீழே வந்தார்கள். மேஜைப் பெண் கொட்டாவி விட்டபடி ஒரு தாளை நீட்டினாள். “எங்க தீவு எப்படி இருந்துச்சுன்னு எழுதணும்மா.”

“நாங்க பார்க்கலைம்மா” என்றாள் மனைவி.

வாட்ச்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தை இறக்கினார். வாட்ச் இருந்த இடத்தில் மணிக்கட்டு வெளுத்துக் கிடந்தது. பழக்கத்தில் அங்கே ஒரு தடவை பார்த்தார்.

“மணி என்னம்மா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அவர் இன்னொருவரிடம் மணி கேட்டு அவள் பார்த்ததில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.