மில் பேச்சு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் காலை நீட்டிக்கொள்ளலாம், கொட்டாவி வந்தால் அடக்க வேண்டாம். களைத்துப்போன ஒருத்தியின் கதை சொல்லப்போகிறேன். பாதியில் நீங்கள் கண்ணயர்ந்தாலும் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளுக்குத் தூக்கத்தின் அருமை தெரியும்.

அந்தப் பெரிய ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும், கதவோரம் இருந்த நாற்காலியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்றை அமுக்கினால் திரை தானே விலகியது, இன்னொன்றை அமுக்கினால் குளியலறைச் சுவர் கண்ணாடியாகி உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. "இதை மட்டும் தெரியாமக்கூட அமுக்கிடாதீங்க அத்தை" என்று அவரே சிரித்தார். நல்ல பிள்ளைதான். எதைக் கேட்டாலும் 'ஏற்பாடு பண்ணியாச்சு' என்பார். அதனால் அவளும் மகளும் தங்களுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஏற்பாடு'. இந்தப் பயணமும் அவருடைய ஏற்பாடுதான். மகளும் அவரும் குடியேறியிருக்கும் புது நகரத்தில், அவர்கள் வீடு இருந்தும் இப்படி ஹோட்டலில் சில நாள், பிறகு ஆற்றின் மேல் படகில் போய் மழைக்காட்டுக்குள் ஒரு விடுதியில் சில நாள். விமானத்தில் கால் நீட்டிப் படுக்கும் இருக்கை, இறங்கியதும் கறுப்புக் கார், அறையில் கிண்ணம் நிறையப் பழங்கள்.

"நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம் அத்தை. அனுபவிச்சா போதும்."

ஒன்றுமே செய்ய வேண்டாம் என்பது அவள் காதுக்கு இனித்தது. அனுபவிப்பதும் ஒரு வேலைதானே என்று தோன்றியதும் அந்த இனிப்பு போய்விட்டது.

கணவர் ஜன்னலோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கண்ணாடிக் கட்டடங்கள். நடப்பதற்கு ஆள் இல்லாத அகலமான சாலைகள். இப்போதுதான் நட்ட மரங்கள், ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கொடுத்த மூன்று கழிகள்.

"இங்க பாரு, எத்தனை கிரேன்!" என்று அவர் கத்தினார். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார்.

"பாத்தேன்!" என்று அவளும் கத்தினாள். தொண்டைக்குள் மணல் உரசியது.

அவருக்குக் காது கேட்காது. இருவரும் நெசவு மில்லில் வேலை பார்த்தவர்கள். அவர் தறிகளைப் பழுது பார்க்கும் பிட்டர், அவள் நாலாம் வரிசைத் தறிகளை ஓட்டியவள். அந்தக் கூடத்துக்குள் நின்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் மில்காரர்கள் எல்லோரும் ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். குரலே கிடையாது. உதட்டை நன்றாக விரித்துக் குவித்து, கண்ணாலும் விரலாலும் மிச்சத்தைச் சொல்லிவிடுவார்கள். கூடத்தின் அந்தக் கோடியில் நின்று இந்தக் கோடியில் இருப்பவரிடம் வீட்டுச் சண்டை முழுவதையும் சொல்லி முடிக்கலாம். மேஸ்திரியைத் திட்டலாம், அவர் முதுகு திரும்பியிருந்தால் போதும். அவர்களுடைய கல்யாணப் பேச்சே அப்படித்தான் நடந்தது. 'ஏ நாலாம் நம்பர், என்னைக் கட்டிக்கிறியா?' என்று அவர் எண்ணெய்க் கையோடு கேட்டார். 'முதல்ல என் தறியை ஓட விடு பிட்டரே' என்றாள் அவள்.

மில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதைத் தின்றுவிட்டது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். காதுக்குள் தகரத்தைத் தேய்ப்பது போல இருக்கிறதென்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து அவள்தான் அவருடைய காது. வாசலில் யார், போனில் யார், டாக்டர் என்ன சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் ஏன் சிரித்தார் எல்லாவற்றையும் அவள் கத்திச் சொல்ல வேண்டும். ஒரு முறை சொன்னால் "என்ன?" என்பார். மறுபடி கத்தினால் "அதுக்கு ஏன் கத்துற?" என்பார். மில் பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதற்கு முகத்தைப் பார்க்க வேண்டுமே! வேலையை விட்டு வந்த பிறகு அவர் முகம் டிவியின் பக்கம் திரும்பியது, அப்படியே நின்றுவிட்டது. ஓடும் எழுத்துகளைப் படித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் அவள் அடுப்பை அணைத்துவிட்டு நடந்துபோய்த் தோளைத் தொட வேண்டும். நாளாக ஆக, அவருக்கு அந்த உதட்டுப் படிப்பே மறந்திருக்கும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கத்தியதில் அவள் தொண்டைக்குள் ஒரு சதை முடிச்சு விழுந்தது. இனிமேல் கத்தவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அதையும் அவள் கத்தித்தான் அவரிடம் சொன்னாள்.

ஒருநாள் மகளிடம் போனில், "கொஞ்ச நாள் உன்கிட்ட வந்து இருக்கட்டுமா?" என்று கேட்டாள். "கொஞ்ச நாள் எதுக்கும்மா? வந்துடு, இங்கயே இரு" என்றாள் மகள். மறு வார்த்தை சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. மாப்பிள்ளை ஏற்பாட்டில் இறங்கினார். கணவருக்குத் திரும்பிப் போக டிக்கெட் இருந்தது, அவளுக்கு இல்லை. அவரிடம் அதை யார் சொல்வது என்பதுதான் மிச்சம். காட்டில் கடைசி நாள், மனசு குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றாள் மகள்.

முதல் நாள் காலை ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதைத்தான் பேசினார்கள். எதிரே கணவர் முலாம்பழத் துண்டுகளை முள்கரண்டியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"மெல்லப் பேசுடி, எதிர்லயே இருக்கார்."

"அப்பாவுக்கு எங்கம்மா கேக்கப்போகுது? நீ சொல்லு. நிஜமாவே முடிவு பண்ணிட்டியா?"

"கத்திக் கத்தி என் உசுரே போச்சு. மிச்சம் இருக்கற நாளாச்சும் வாயை மூடிக்கிட்டுக் கிடக்கறேன்."

"அவர் சமாளிச்சுப்பார். உன்னைப் போட்டு அரைச்சு எடுத்தது போதும். ஒரு குழந்தையை வெச்சுக் காப்பாத்துற மாதிரிதானே வெச்சிருக்க?"

கணவர் நிமிர்ந்து, "பழம் நல்லா இருக்கு" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.

மறுநாள் மகளின் வீட்டைப் பார்க்கப் போனார்கள். அம்மாவுக்கென்று ஒதுக்கியிருந்த சின்ன அறையை மகள் அப்பாவிடம் 'விருந்தாளி ரூம்' என்று காட்டினாள். அவர் அதன் ஜன்னலைத் திறந்தார், மூடினார். கொக்கி சரியாக விழவில்லை. ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி, எல்லோரும் காத்திருக்க, அதைச் சரி செய்த பிறகுதான் நகர்ந்தார். பிட்டரின் கை அரிப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள். உட்கார இடம் கிடைத்ததே என்று புதுக் கட்டிலில் சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனாள்.

காடு வேறு மாதிரி களைப்பு. படகை விட்டு இறங்கியதும் ஈரம் வந்து துணிபோல உடம்பில் ஒட்டிக்கொண்டது. விடுதியின் ஒவ்வொரு குடிலும் தூண்களின் மேல் நின்றது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மரப்பாலம். கொசுவலைக்குள் பூப்போட்ட மெத்தை, குளிக்கக் கூரையில்லாத வெளி. மாப்பிள்ளை எல்லோருக்கும் பைனாகுலர் வாங்கி வைத்திருந்தார். அட்டை ஏறாமல் இருக்க நீளக் காலுறை கொடுத்தார்கள். அதைக் குனிந்து போட்டு நிமிர்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

கடைசி நாள் பிற்பகலில் வழிகாட்டி அவர்களை உப்பு மண் இருக்கும் ஒரு பள்ளத்துக்கு அழைத்துப் போனார். மண்ணை நக்க விலங்குகள் அங்கே வருமாம். மரத்தின் மேல் பலகையால் அடைத்த மறைவிடம், பார்ப்பதற்கு நீளமான பிளவு. "உள்ள போனதும் பேச்சே கூடாது. கிசுகிசுக்கக்கூடக் கூடாது" என்றார் வழிகாட்டி. பேசாமல் இருக்கச் சொல்லும் ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளே போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். மகளும் மாப்பிள்ளையும் பிளவில் கண்ணைப் பதித்து நின்றார்கள். கணவர் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் போனது. எதிரே, முழங்கால் உயரத்துக்கும் கீழே ஏதோ அசைவது போலத் தெரிந்து பார்த்தாள். கணவர் தாழ்வாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார், கூடத்தில் கூப்பிடுவது போல. அவள் பார்த்ததும் உதட்டை விரித்தார்.

'தங்கிக்கோ.'

தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்தாள். 'என்ன?'

'பொண்ணுகிட்ட. இங்கயே. தங்கிக்கோ.'

'யார் சொன்னா உங்களுக்கு?'

'நீதான். முதநாள் காலையில. உசுரே போச்சுன்னு சொன்னியே.'

அவளுக்கு உடம்பெல்லாம் சுட்டது. எதிரே உட்கார்ந்து பழம் தின்ற முகம் நினைவுக்கு வந்தது. அந்த ஜன்னல் கொக்கியும்.

'தெரிஞ்சுக்கிட்டே ஏன் வாயைத் திறக்கல?'

'நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ஒவ்வொரு வேளையும் பாத்தேன். எல்லார்கிட்டயும் சொல்ற, என்கிட்ட மட்டும் இல்ல.'

'உங்ககிட்ட சொல்ல எனக்குத் தொண்டை வேணுமே! இவ்ளோ நல்லாப் படிக்கத் தெரியுதுல்ல? வீட்டுல ஒரு நாளாச்சும் என் மூஞ்சியைப் பாத்தீங்களா?'

'பாக்கல.'

'ஏன்?'

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு பலகைத் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். வேகமில்லாமல், படிக்க வசதியாக, ஒவ்வொரு சொல்லாக உதட்டில் வைத்தார்.

'பாத்தா நீ களைச்சுப்போனது தெரியுது. யாரால களைச்சேன்னும் தெரியுது. டிவியில அது தெரியாது.'

அவள் திட்டத்தான் நினைத்தாள். உள்ளே எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். சும்மா அவரைப் பார்த்தாள். தாடையில் சவரம் விட்டுப்போன இடத்தில் வெள்ளை முடி நின்றது. தானும்தான் இந்த முகத்தைப் பார்த்து நாளாகிறது என்று தோன்றியது. தோளைத்தான் தொட்டிருக்கிறாள், முன்னால் போய் நின்றதில்லை.

'அடுப்பை அணைக்க மறந்துடுவீங்க' என்றாள்.

'ஒட்டி வெச்சுக்கறேன், பெரிய எழுத்துல.'

'யாராச்சும் வந்து கதவைத் தட்டினா?'

'கதவைத் திறந்து போட்டுட்டு எதிர்லயே உக்காந்துக்கறேன்.'

அந்த வெறும் வாசலும் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆளும் அவள் கண்ணில் வந்தார்கள். பரிதாபம் வந்தது. கூடவே, இந்தப் பரிதாபத்தில்தானே இத்தனை காலமும் போயிற்று என்று ஆத்திரமும் வந்தது.

அப்போது வழிகாட்டி விரலை உயர்த்தினார். மாப்பிள்ளை கேமராவைத் தூக்கினார். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். புதர் விலகி ஒரு காட்டுப்பன்றி வந்தது, பின்னாலேயே அதன் குட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டு. யானை வரும், புலிகூட வரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தோள் தொங்கிப்போனது.

கணவர் உதட்டைக் குவித்தார். 'இவ்ளோ ஏற்பாடு பண்ணியும் பன்னிதான்.'

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். உடம்பு குலுங்கி, பலகை கிரீச்சிட்டு, பன்றி காதை நிமிர்த்தி, குட்டிகளோடு ஓடியே போய்விட்டது. மகள் திரும்பி முறைத்தாள்.

வெளியே வந்து மரப்பாலத்தில் நடக்கும்போது மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கஷ்டப்பட வேண்டாம்மா. ராத்திரி சாப்பிட்டதும் நானே அப்பாகிட்ட சொல்லிடறேன்."

"வேண்டாம். பேசிட்டோம்."

"எப்போ?"

"உள்ளதான். இப்போ."

"ஒரு சத்தமும் வரலையேம்மா!"

"உங்கப்பா உதட்டைப் படிப்பார்டி. நானே மறந்துட்டேன்."

மகள் நடப்பதை நிறுத்தினாள். முதல் நாள் காலையிலிருந்து அவருக்கு எதிரே தான் என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வருவது அவள் முகத்திலேயே தெரிந்தது. "நான் குழந்தைன்னு வேற சொன்னேனே" என்றாள். முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பாவின் முதுகைப் பார்க்க முடியாமல் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை போனை எடுத்துவிட்டார். "அப்போ டிக்கெட் எப்படி அத்தை? நீங்களும் மாமாகூடப் போறீங்களா, இல்ல மாமாவும் இங்கயே இருக்காரா? சொல்லுங்க, இப்பவே ஏற்பாடு..."

"மாப்பிள்ளை, கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தூறல் எல்லாம் இல்லை, ஒரேயடியாக. பாலத்தின் நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கொட்டகை இருந்தது. அதற்குள் ஓடி ஒண்டினார்கள். தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் காடு காணாமல் போனது. வழிகாட்டி ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. மாப்பிள்ளை மகளின் காதோரம் குனிந்து கத்தினார். அவள் தலையை ஆட்டி 'கேக்கல' என்று கை விரித்தாள். அவரும் விட்டுவிட்டார்.

கொட்டகையின் இரண்டு பக்கமும் பெஞ்சுகள் இருந்தன. அவள் ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்து, சேறு படிந்த கால்களை முன்னால் நீட்டிக்கொண்டாள். பக்கத்தில் இடம் இருந்தும் கணவர் அங்கே உட்காரவில்லை. எதிர்ப் பெஞ்சுக்குப் போய், தலையைத் துவட்டிக்கொண்டு, அவள் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். அவசரப்படுத்தவில்லை. அவள் கண்ணை மூடிச் சற்று நேரம் சாய்ந்திருந்தாள். அது வரைக்கும் காத்திருந்தார். பிறகு அவள் கண்ணைத் திறந்தாள். உதடு அசைந்தது. அவர் ஏதோ சொன்னார். அவள் இல்லை என்பது போல விரலை ஆட்டி, மறுபடி நீளமாக எதையோ சொல்லத் தொடங்கினாள். மகள் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கூரையின் விளிம்பிலிருந்து தண்ணீர் நாலு பக்கமும் திரையாக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு விளக்கு மங்காமல் எரியட்டும், அடுப்பு ஆறாமல் இருக்கட்டும். களைத்து வருகிறவருக்கு உங்கள் வீட்டில் எப்போதும் உட்கார ஓர் இடம் இருக்கட்டும், எதிரே ஒரு முகமும் இருக்கட்டும்.