பாதுகாவலர் கையொப்பம்

"பள்ளி செல்லாதவர்." மாமா தொகுத்த குடும்ப வரலாற்றுல எங்கம்மா பேருக்கு நேரா இப்படி எழுதியிருந்துச்சு. எனக்கு வந்துச்சே கோபம்!

மாமா அம்மாவோட தம்பி. ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகுது.

"அம்மா அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்காங்க மாமா."

"ஆதாரம் இருந்தா கொண்டா. எனக்கு நெனவு தெரிஞ்சு அக்கா ஸ்கூல் பக்கம் போனதே இல்ல."

அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "விடுடி, அதுல என்ன வந்துடப்போகுது"ன்னாங்க. ஆனா முகம் சுண்டிப்போச்சு. அதுக்கப்புறம் நான் விடுவேனா?

அம்மா படிச்ச ஸ்கூலை மூடி இருபது வருஷமாச்சு, இப்ப அங்க டயர் கடை. கல்வி அலுவலகத்துல நகராட்சிக்குப் போங்கன்னாங்க. நகராட்சியில திரும்பக் கல்வி அலுவலகத்துக்கே போங்கன்னாங்க. ரெண்டு நாள் லீவு போட்டு அலைஞ்சதுதான் மிச்சம். கடைசியில ஊரு நூலகத்துல வேலை பாக்குற அம்மாதான், "மூடின ஸ்கூலோட பதிவேடெல்லாம் பக்கத்துல இருக்கிற பெரிய ஸ்கூலுக்குத்தான் போகும், அங்க கேளுங்க"ன்னாங்க. அவங்க நல்லா இருக்கணும்!

பெரிய ஸ்கூல் கிளார்க் ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டு, "தூசி எனக்கு ஆகாது, நீங்களே தேடிக்குங்க"ன்னு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிட்டார். கிழிஞ்ச வாலிபால் வலைக்குக் கீழ சேர்க்கைப் பதிவேடுங்க கிடந்துச்சு. மூணாவது புத்தகத்துல அம்மா பேரு! வயசு ஏழு. பாதுகாவலர் கையொப்பம் போடுற கட்டத்துல ஒரு குட்டிக் கைநாட்டு, சுண்டு விரல் அகலம்கூட இல்ல. பக்கத்துல சிவப்பு மையில: "தனியே வந்தாள். பெற்றோர் வேலைக்குச் சென்றுள்ளனர்."

அடியாத்தி! ஏழு வயசுல தன்னைத் தானே சேத்துக்கிட்டிருக்காங்க.

கடைசிக் கட்டத்துல, ஐந்தாம் வகுப்பு முடித்து நின்ற தேதி. சரி, மாமா எப்பதான் சேர்ந்தார்னு பக்கத்தைத் தள்ளினேன். அம்மா நின்ன அதே தேதி. பாதுகாவலர் கட்டத்துல இந்தத் தடவை கைநாட்டு இல்ல, கையெழுத்து. கொஞ்சம் கோணல், ஆனா முழுசா அம்மா பேரு. உறவு: அக்கா.

அந்தத் தூசியிலேயே உக்காந்து அழுதுட்டேன். பெருமையில வந்த அழுகை.

ரெண்டு பக்கத்தையும் நகலெடுத்து, அம்மாவும் பக்கத்துல இருக்கும்போதே மாமா முன்னாடி வச்சேன். கண்ணாடியைப் போட்டார், படிச்சார், கழட்டித் துடைச்சார், மறுபடி படிச்சார்.

"ஏன்க்கா சொல்லல?"

"ஹெட்மாஸ்டரை நான்தான் ஸ்கூல்ல சேத்தேன்னு தண்டோரா போடச் சொல்றியா? போடா."

மாமா புத்தகப் பிரதியை எடுத்தார். "பள்ளி செல்லாதவர்"ங்கிறதை அழுத்தி அடிச்சுட்டு, "என்னைப் பள்ளியில் சேர்த்தவர்"னு எழுதினார். "சரியா இருக்கான்னு நீயே படிச்சுப் பாருக்கா"ன்னு நீட்டினார்.

அம்மா முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாப் படிச்சாங்க. அப்புறம் நிமிர்ந்து உக்காந்து, "அஞ்சாவது பாஸ்னும் சேத்து எழுதுடா"ன்னாங்க.