இருட்டில் வைத்த டின்

இரண்டாம் டின்னைக் காணோம்.

எழுபத்தெட்டாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை காலை. தேயிலைத் தோட்டப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு அலமாரியைத் திறந்த லெட்சுமணன் வாத்தியார் அப்படியே நின்றார். டின் இருந்த இடத்தில் ஈர வளையம் மட்டும்.

பத்து நாளுக்கு முன் இரண்டு மைலோ டின்களில் பச்சைப்பயறு போட்டிருந்தார்கள். ஒரே மண், ஒரே அளவு தண்ணீர். ஒன்று ஜன்னலில், மற்றது இருட்டு அலமாரியில். வெள்ளிக்கிழமை அளந்தபோது ஜன்னல் செடி எட்டு சென்டிமீட்டர். இருட்டுச் செடி பத்தொன்பது. வகுப்பே வாயைப் பிளந்தது. "ஏன் சார்?" என்று கேட்டவர்களிடம், "அது திங்கட்கிழமை" என்று சிரித்தார். பிள்ளைகளைக் காக்க வைப்பதில் அவருக்கு ஒரு ருசி.

"பவளம், டின்ன யாரு எடுத்தா?"

வகுப்புத் தலைவி எழுந்தாள். "மலருதான் சார். வெள்ளிக்கிழமையே பைக்குள்ள மறைச்சு கொண்டு போயிட்டா. வாத்தியாரு காத முறுக்குவாருன்னு சொன்னேன்லா. கேக்கல."

மலரின் இடம் காலியாக இருந்தது.

ஓய்வு மணி அடித்ததும் வாத்தியார் தேயிலைச் சரிவில் இறங்கி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த கீழ் லயத்துக்குப் போனார். மூன்றாவது வீடு. கதவு சாத்தியிருந்தது. குளிருக்காக ஜன்னலில் உரச்சாக்கு அடைத்திருந்தார்கள். உள்ளே யாரோ மூச்சுக்குத் தவிக்கும் சத்தம்.

மலரின் அப்பா பசுபதி கதவைத் திறந்தான்.

"புள்ள திருடிடுச்சுன்னு வந்தீங்களா சார்? டின்ன பத்திரமா குடுத்துடறேன். நாளைக்கு செவ்வாக்கிழமை முடியட்டும்."

பாயில் அவன் மனைவி ருக்குமணி. உதடு கருத்திருந்தது. தலைமாட்டில் அந்த டின், மஞ்சள் நூல் சுற்றி, குங்குமம் வைத்து. வெளிர் மஞ்சளாய், நெடுநெடுவென்று பயிர். பக்கத்தில் மலர், ஈரத் தலையோடு.

"முளைப்பாரி சார்," என்றாள். "திருவிழாவுக்கு அம்மாவும் இருட்டுலதான் வளப்பாங்க. உசரமா வந்தா நெனச்சது நடக்குமாம். அம்மா பேரச் சொல்லித்தான் நான் தண்ணி ஊத்துனேன். நீங்களே அளந்தீங்க. பத்தொம்பது."

"தோட்டத்துல மருந்து குடுக்கிற டிரசர் வந்து பாக்கலையா, பசுபதி?"

பசுபதி சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்தான். "வியாழக்கிழமை பாத்தாரு. நெஞ்சுல சளி கட்டிருச்சு, தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போன்னு எழுதிக் குடுத்தாரு. லோரி கூட கேட்டு வச்சிருந்தேன். மறுநா இந்த முளைப்பாரி வந்துச்சு. ஆத்தாளே உத்தரவு குடுத்துட்டா, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரின்னு லோரிய வேணாம்னுட்டேன்."

மூன்று நாள். வாத்தியார் டின்னைக் காட்டினார்.

"அது வளர்ச்சி இல்ல பசுபதி. வெளிச்சம் கெடைக்காம நீண்டுக்கிட்டே போகுது. வெதைக்குள்ள இருந்த சாப்பாடு தீந்ததும் சாஞ்சுடும். ஜன்னல்ல இருக்கிற குட்டைதான் நல்லா இருக்கு."

"சாமி காரியத்தப் போயி..." என்று தொடங்கிய பசுபதி, டின்னைப் பார்த்தான். ஓரத்தில் நாலைந்து தண்டுகள் ஏற்கெனவே படுத்திருந்தன.  வெறுங்காலோடு லோரிக் கொட்டகைக்கு ஓடினான்.

லோரி வந்தது. வாத்தியாரும் ஏறிக்கொண்டார். தானா ராத்தாவுக்கு இரண்டு வளைவு இருக்கும்போது, பின்னால் கேட்டுக்கொண்டிருந்த இழுப்பு நின்றுபோனது. பசுபதி மட்டும், "வேகமா போங்க அண்ணே," என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மலர் பள்ளிக்கு வந்தாள். நேராக ஜன்னலுக்குப் போனாள். அடிக்கோலை டின் விளிம்பில் வைத்து, கண்ணைச் சுருக்கி அளந்தாள்.

"இருபத்தொண்ணு சார்."

"ம்."

"இருட்டுச் செடி ஏன் உசரமா வந்துச்சுன்னு அந்த வெள்ளிக்கிழமையே உங்களுக்குத் தெரியுமா சார்?"

 பவளம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும்மா."

மலர் தலையாட்டினாள். சோதனை நோட்டைத் திறந்து, எட்டுக்குக் கீழே இருபத்தொன்று என்று எழுதினாள். அடிக்கோலை அவர் மேசைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.