கடைசியில் வந்த சிவப்புச் சோறு

அமுதவல்லி என் மகன் அன்பு தானாகப் பிடித்த பெண். அப்படி வருகிறவளை நான் நம்புவதில்லை. கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டில் சோறு தின்ன மாட்டோம், தின்றால் சம்மதம் சொன்னதாகிவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அஸ்தம்பட்டியில் அவள் வீட்டில் விருந்து என்றதுமே எனக்குச் சந்தேகம்தான். வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

மெக்சிகோ நாட்டுச் சாப்பாடாம். பால், நெய், முட்டை எதுவும் கிடையாதாம். மக்காச்சோள ரொட்டியை மடித்து, உள்ளே ராஜ்மாவும் ஏற்காட்டுப் பட்டர் ஃப்ரூட் மசியலும் வைத்துக் கொடுத்தாள். சோறு இல்லையே, தப்பில்லை என்று நாலைந்து தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணு வெக்கட்டுங்களா மாமா?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வெய்யி சாமி."

அதைக் கேட்டதும் அவள் அப்பா குழந்தைவேல், "அப்ப தட்டு மாத்திக்கலாமுங்களா?" என்றார்.

"ஏனுங்க, பலகாரந்தானே தின்னோம்? சோறா தின்னோம்?"

அமுதவல்லி உள்ளே ஓடி, தக்காளி போட்ட சிவப்புச் சோற்றோடு வந்தாள். "சோறும் ஆக்கியிருக்கறனுங்க. இதும் அந்த நாட்டுச் சமையல்தானுங்க." முதலில் அன்புவுக்கு வைத்தாள். அவன் ஒரு வாய் கையில் எடுத்தான்.

"எந்திரிடா. கையக் கழுவு," என்றேன்.

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு சோற்றைத் தட்டிலேயே உதறிவிட்டு எழுந்தான்.

கரண்டியோடு நின்றவளிடம் கேட்டேன்: "இவன நம்பியா சாமி சோறாக்குன?"