மூன்றாவது பதில்

அந்தப் பள்ளியில் வரலாற்று வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சீக்கிரம் சார். ஒரு பேரரசு எழுந்து, தழைத்து, விழுந்து தொலைய அவருக்கு நாற்பது நிமிடம் போதும். அவர் வகுப்பில் கொட்டாவி விட்டவன் இரண்டு மன்னர்களைத் தவறவிடுவான். தும்மினால் ஒரு வம்சமே போச்சு. அவர் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் ஸ்டாஃப் ரூமில் ஃபேன் போட வேண்டாம், அந்தக் காற்றே போதும் என்பார் கணக்கு டீச்சர்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் ஒன்பது டேப்லெட்டையும் நாற்பத்திரண்டு பிள்ளைகளையும் ஒப்படைத்து, மூன்று மணிக்குள் முடியுங்கள் என்றார் பிரின்சிபல் அம்மா.

அந்த வருடம் கற்றல் வகைச் சோதனை என்ற ஒன்று பள்ளிக்கு வந்திருந்தது. அறுபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பதில். தொட்டதை வைத்து, இந்தப் பிள்ளை கண்ணால் கற்கும், இது காதால், இது கையால் என்று மெஷின் பிரித்துக் கொடுத்துவிடும். பயிற்சி தர வந்த கம்பெனிக்காரர், வாத்தியார்களை ஆறு மணி நேரம் நாற்காலியில் அசையாமல் உட்காரவைத்து, பிள்ளைகளை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று விளக்கினார். பின்வரிசையில் மூன்று பேர் கண்ணாலும் காதாலும் கற்காமல் மூக்கால் கற்றுக்கொண்டிருந்தார்கள். குறட்டைச் சத்தம் வராண்டாவரை கேட்டது.

சோதனை நாளன்று ஒன்பது டேப்லெட்டில் நான்கில் சார்ஜ் இல்லை. ஒன்று, பெட்டியிலிருந்து எடுத்த நாளிலிருந்தே கண் திறக்கவில்லை. மிச்சம் நான்கை வைத்துக்கொண்டு ஒரு மணிவரை போராடியதில் எட்டுப் பிள்ளைகள்தான் முடித்திருந்தன. போனில் பிரின்சிபல் அம்மா.

"மூணு மணிக்குக் கம்பெனிக்காரங்க சோதனையை மூடிடுவாங்க சார். நம்ம வகுப்பு மட்டும் காலியா நின்னா என் மானம் போயிடும்."

சீக்கிரம் சார் மீதி முப்பத்திநாலு பேரையும் மைதானத்துக்கு விரட்டினார். கதவைச் சாத்தினார். ஒவ்வொரு பெயராகத் திறந்து, கேள்வியைப் படிக்காமலே தட்டிக்கொண்டு போனார். மூன்றாவது பதில் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்தது. இரண்டாயிரத்து நாற்பது தட்டல். விரல் வீங்கி வெண்டைக்காயாகிவிட்டது. இரண்டு ஐம்பதுக்கு வேலை முடிந்தது. பத்து நிமிடம் மிச்சம் பிடித்த பெருமையில் டீ குடிக்கப் போனார்.

மூன்றாவது பதில் எல்லாமே 'கை'. அந்த முப்பத்திநாலில் அவருடைய அக்கா மகளும் ஒருத்தி.

அவளுக்குப் படிப்புப் பைத்தியம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட விடமாட்டாள். "அம்மா, இந்த மாத்திரை சாப்பிட்டா உனக்குத் தாடி வளரலாமாம், எதுக்கும் பாத்துக்கோ" என்று சொல்லி அவரது அக்காவை அலறவைத்தவள். வாடகை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, ஏழாவது பத்தியில் தப்பு இருக்கிறது என்று வீட்டுக்காரரிடமே சொன்னவள். வக்கீலாகப் போகிறேன் என்று பத்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே கை வகைப் பிள்ளைகளைக் கிழக்குப் பக்க அறைக்கு மாற்றினார்கள். புத்தகங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு களிமண், அட்டை, கத்தரி, நூல்கண்டு கொடுத்தார்கள். வரலாறு என்றால் கோட்டை செய்ய வேண்டும். கவிதை என்றால் அதில் வரும் பறவையைச் செய்ய வேண்டும்.

"மாமா, நான் கையாம்" என்றாள் அவள், சிரித்துக்கொண்டு. "நான் எதைத் தொட்டாலும் உடையும்னு அம்மா சொல்லுவாங்க, பாவம் அந்த மெஷின்."

"ரெண்டு மாசம் பொறுத்துக்கோம்மா. இதுவும் ஸ்டோர் ரூமுக்குப் போயிடும்."

அவர் மனதார நம்பித்தான் சொன்னார். இதற்கு முன் வந்த பேசும் பலகையில் இப்போது வாட்ச்மேன் சட்டை காயப்போடுகிறார். அந்த நம்பிக்கையில் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஆனால் இந்த முறை வந்தது போகவில்லை. இரண்டு மாதம் எட்டு மாதமாயிற்று.

வருடக் கடைசியில் அக்கா ஒரு படிவத்தோடு வந்தாள். மேல் வகுப்பில் ஏட்டுப் பிரிவு, பட்டறைப் பிரிவு என்று இரண்டு. சட்டம் படிக்க ஏட்டுப் பிரிவு வேண்டும். கை வகைக்குப் பட்டறைதான் என்று படிவத்திலேயே அச்சடித்திருந்தது.

"நீ உள்ள இருக்கிற ஆளுதானேடா. என்னன்னு கேளேன்."

மறுநாள் காலை பிரின்சிபல் அம்மாவின் அறையில் சீக்கிரம் சார் வாழ்க்கையிலேயே முதல்முறையாக மெதுவாகப் பேசினார். எல்லாவற்றையும் சொன்னார்.

பிரின்சிபல் அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எத்தனை பேருக்குத் தட்டினீங்க?"

"முப்பத்திநாலு."

"கை வகை அதிகமா இருக்கிற வகுப்புன்னு நம்மளைப் பார்க்க மூணு ஸ்கூல்லேர்ந்து வந்துட்டுப் போனாங்க சார். மேடையேறிப் பேசியிருக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "ஒரு பிள்ளைக்கு மறு சோதனை வைக்க இடமிருக்கு. உங்க அக்கா பொண்ணுக்கு வைக்கிறேன். மத்ததை மறந்துடுங்க."

மற்ற முப்பத்திமூன்று பேரும் யாருக்கோ அக்கா மக்கள்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒருவர் போதாது, பரிமாற இன்னொருவரும் வேண்டும். சீக்கிரம் சார், "சரிங்கம்மா" என்றார்.

மறு சோதனைக்கு அவர் டேப்லெட்டை முந்தின நாளே முழுக்க சார்ஜ் செய்து வைத்தார். அறையில் அவளும் அவரும் மட்டும். புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்ள நீ என்ன செய்வாய்: படிப்பேன், கேட்பேன், செய்து பார்ப்பேன். அவள் மூன்றாவதைத் தொட்டாள். அடுத்ததிலும் மூன்றாவது.

"அவசரப்படாதேம்மா. நல்லா யோசிச்சுப் போடு."

"யோசிச்சுத்தான் மாமா போடறேன்."

"படிக்கிறதுன்னா உனக்கு உயிராச்சே."

"அது அப்போ. எனக்குப் படிச்சா ஏறாது மாமா. மிஸ்கூட சொன்னாங்க. சும்மா படிச்சுப் படிச்சு நேரத்தை வீணாக்கிட்டு இருந்திருக்கேன்."

அறுபது கேள்விக்கும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, பொய்யில்லாமல் பதில் சொன்னாள். முடிவு வந்தது: கை.

சாயந்திரம் அவர் நேரே அக்கா வீட்டுக்குப் போனார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, மூடிய கதவு, கட்டைவிரல், முப்பத்திநாலு பெயர் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றிருந்தது.

அக்கா அவர் தோளைத் தட்டினாள்.

"போடா. அவ மனசு உடையக் கூடாதுன்னு பழியை நீ ஏத்துக்கிறியா?"

"இல்லக்கா, சத்தியமா."

"ரெண்டு தடவை வச்சாச்சு. ரெண்டு தடவையும் ஒண்ணுதானே வந்திருக்கு? மெஷினுக்கு என்னடா விரோதம் நம்ம மேல." உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். "அடியே, வந்து பாரு, உனக்காக உங்க மாமா எப்படி வாய்கூசாமப் பொய் சொல்றான்னு."