சிவப்புப் பொத்தான், வெள்ளைப் பொத்தான்

என் மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் விழுங்கும் மாத்திரையின் பெயர் தெரியாது. "அந்த வெள்ளை மாத்திரை குடுங்க" என்பார்கள். கடையில் இருப்பதில் முக்கால்வாசி வெள்ளைதான். "பிரஷருக்குப் போடறது, வட்டமா இருக்குமே" என்பார்கள். சதுரமாக எதையாவது நான் விற்றிருக்கிறேனா? மருந்தை விற்பது சுலபம். அதை ஒழுங்காகச் சாப்பிட வைப்பதற்குள் எனக்கே பிரஷர் ஏறிவிடும். அதனால் கத்துவேன். எது எதற்கு, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் பையைக் கையில் கொடுப்பேன். தெருவில் எனக்கு வாத்தியாரம்மா என்று பெயர். வைத்துவிட்டுப் போகட்டும்.

என்னிடம் திட்டு வாங்காத ஒரே ஆள் எதிர்வரிசைத் தையல்காரர். நான் சொல்வதை ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வார். மருந்து அவருக்கில்லை, அவர் மனைவிக்கு. அண்ணிக்கு மூட்டுவாதம். விரல்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கோணிப்போயிருந்தன. சீப்பைப் பிடிக்க முடியாது, தண்ணீர் பாட்டிலைத் திருகித் திறக்க முடியாது. தலை வாரிவிடுவது, சட்டை மாட்டிவிடுவது எல்லாம் அவர்தான்.

"ஊருக்கெல்லாம் பட்டன் தைக்கிறவர், எனக்கு மட்டும்தான் பட்டன் போட்டும் விடறார். கொடுத்து வெச்சவ நான்" என்று அண்ணி ஒருமுறை என் கடை வாசலில் நின்று சொன்னார். தையல்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

அண்ணிக்கு டாக்டர் எழுதியது இரண்டு மாத்திரை. ஒன்று கடுமையானது, வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். மற்றொன்று அதன் கடுமையைத் தணிக்கிற சத்து மாத்திரை, மீதி நாட்களுக்கு. இரண்டும் மஞ்சள். இரண்டும் பொடிசு. இப்படிச் செய்து அனுப்பியவர்கள் மட்டும் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். கடுமையான மாத்திரையின் அட்டையில் சிவப்பு மையால் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதி, தனி உறையில் போட்டுத்தான் ஒவ்வொரு முறையும் கொடுப்பேன்.

"மாத்திக் குடுத்தா உயிருக்கே ஆபத்து, அண்ணே. அட்டையில இருந்து முன்கூட்டியே பிரிச்சு வெக்காதீங்க. அன்னன்னைக்குப் பிரிச்சுக் குடுங்க."

"மாத்திக் குடுத்தா உயிருக்கே ஆபத்து. பிரிச்சு வெக்கக் கூடாது. சரிதானே, தங்கச்சி?"

இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான்?

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"வாய்ப்புண்ணுக்கு ஏதாவது தடவற மருந்து குடு தங்கச்சி. அவளுக்கு உதடு, நாக்கு எல்லாம் வெந்துபோய்க் கிடக்கு. தண்ணி கூட இறங்க மாட்டேங்குது. சூட்டு உடம்பு போல."

அலமாரிப் பக்கம் போன என் கை பாதியிலேயே நின்றது.

"வேற என்ன செய்யுது?"

"லேசா காய்ச்சல். கையில அங்கங்க நீலமாத் திட்டு. கட்டில்ல இடிச்சுக்கிட்டா போலிருக்கு."

"கடைசியா அந்த ஞாயித்துக்கிழமை மாத்திரை எப்ப குடுத்தீங்க?"

"ஞாயித்துக்கிழமைதான்." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வாரம் தவறினது கிடையாது. என்னைப் போய்க் கேக்கறியே?"

"அட்டையை எடுத்துட்டு வாங்க. பாக்கணும்."

"அட்டை ஏது? பிரிச்சு டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். எல்லாம் பக்காவா இருக்கு, நீ வந்து பாரு."

வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். காதில் வாங்காமல் ஷட்டரை இழுத்துவிட்டு அவர் பின்னால் போனேன்.

தையல் கடைக்குப் பின்னாலேயே வீடு. கடைச் சுவர் முழுக்கப் பலகைகள், பலகைகள் முழுக்கத் திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள், எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொரு மூடியின் மேலும் ஒரு பொத்தான் ஒட்டியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் மேலே. துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி, மூடியை விரலால் தடவிப் பார்த்தே அவர் டப்பாவை எடுப்பதை நான் எத்தனையோ தடவை வேடிக்கை பார்த்திருக்கிறேன். டப்பாவுக்குள் எட்டிப் பார்க்கும் வழக்கமே அவருக்குக் கிடையாது.

வீட்டுக்குள் சமையல் மேடைக்கு மேலேயும் அதே மாதிரி இரண்டு டப்பா இருந்தது. ஒரு மூடியில் சிவப்புப் பொத்தான், ஒன்றில் வெள்ளைப் பொத்தான்.

"சிவப்பு ஞாயித்துக்கிழமைக்கு. வெள்ளை மத்த நாளைக்கு. கண்ணைக் கட்டிவிட்டாக்கூட சரியா எடுத்துடுவேன்."

வெள்ளைப் பொத்தான் மூடியைத் திருகி, உள்ளங்கையில் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கடுமையான மாத்திரையின் நடுவில் ஒரு கோடு இருக்கும். சத்து மாத்திரையில் இருக்காது. என் கையில் இருந்த எல்லாவற்றிலும் கோடு இருந்தது.

அடுத்த டப்பாவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் திறந்தேன். அதில் ஒன்றில்கூடக் கோடு இல்லை.

"அண்ணே, இதைக் கழுவினீங்களா?"

"எறும்பு ஏறுச்சுன்னு அன்னைக்கு ஒரு நாள் கழுவினேன். மாத்திரையைத் தனித்தனியாக் கொட்டி வெச்சுட்டு, ரெண்டு டப்பாவையும் சோப்பு போட்டுக் கழுவி, வெயில்ல காயவெச்சு, திரும்பப் போட்டு…"

அங்கே நின்றுவிட்டார். நான் சொல்லவேண்டிய வேலையே இருக்கவில்லை. ஒரே மாதிரி இரண்டு டப்பா, வித்தியாசம் மூடியில் மட்டும். அவர் கை தானாகக் கழுத்து நாடாவைப் பிடித்துக்கொண்டது.

"மூடி…" என்றார்.

உள்ளறைக் கட்டிலில் அண்ணி படுத்திருந்தார். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. நாங்கள் பேசியதெல்லாம் கேட்டிருக்கும், சுவர் அவ்வளவு மெல்லிசு. "வா, வாத்தியாரம்மா. இன்னைக்குத் திட்டு எனக்கா, அவருக்கா?" என்றார். சிரிக்கப் பார்த்து, வலி தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டு நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் பின்னால் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கே இருந்த டாக்டர் நல்ல மனுஷன். என்ன மருந்து, எப்படி மாறியது, ஏறக்குறைய எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று நான் சொன்னதை நின்று கேட்டார். உடனே மாற்று மருந்து ஏற்றச் சொன்னார். கையோடு மாத்திரையைக் கொண்டுவந்ததால் தேடித் துழாவ வேண்டியதில்லாமல் போயிற்று என்றார். அதைக் கேட்டுக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது எனக்கு. பிறகு ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார். ரத்த அணுக்கள் அடியோடு குறைந்துவிட்டன, உடம்பில் எதிர்த்துப் போராட எதுவும் மிச்சமில்லை, முடிந்ததைச் செய்கிறோம் என்றார்.

தையல்காரர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் யார் போனாலும் எழுந்து நின்றார். டாக்டரைக் கேட்டார், நர்ஸைக் கேட்டார், தரை துடைக்க வந்தவரைக்கூடக் கேட்டார்.

"நான் குடுத்ததாலதானே?"

எல்லோரும் அவரை உட்காரச் சொன்னார்கள். நானும்தான்.

மறுநாள் அண்ணி என்னை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்தில் குனிந்தால்தான் பேச்சு கேட்டது.

"அவர் சாப்பிட்டாரா?"

"இல்ல அண்ணி."

"சாப்பிட மாட்டார். தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இங்க பாரு. மூடியை மாத்திப் போட்டது நான்தான். அவர் டப்பாவைக் காயவெச்சுட்டு வெளியே போனாரு. நான் மாத்திரையப் போட்டு மூடி வெச்சேன்."

போர்வைக்கு மேலே கிடந்த அவர் கைகளைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"இதை அவர்கிட்ட நீ சொல்லணும்."

"நீங்களே சொல்லுங்க."

"நான் சொன்னா மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சுடுவார். இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா? நீ சொன்னா நம்புவார். உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு தெருவுக்கே தெரியும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எறும்பின் மேலா, மஞ்சள் மாத்திரையின் மேலா, சாகப்போகிற நேரத்தில்கூட அந்த மனுஷனின் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிற இந்தப் பெண்ணின் மேலா? "சரி அண்ணி, சொல்றேன்" என்றேன். வெளியே வந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன்.

நுரையீரலுக்குச் சளி இறங்கிவிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் அண்ணி போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து, அவர் கடையைத் திறந்த அன்று போனேன். தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஊசியில் நூல் இல்லை. கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது, சக்கரம் சும்மா சுற்றியது. வீட்டிலிருந்த இரண்டு டப்பாவையும் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்திருந்தார், காலியாக.

"அண்ணே, ஒரு விஷயம். அண்ணி என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க. மூடியை மாத்தினது நீங்க இல்ல. நீங்க வெளியே போயிருந்தப்ப, காஞ்சிருச்சேன்னு அவங்கதான் மாத்திரையைப் போட்டு மூடியிருக்காங்க. தெரியாம மாறிடுச்சு. உங்க மேல தப்பே இல்ல."

கண் சிமிட்டாமல், மருந்து விவரம் சொல்வது போலவே சொன்னேன். என் பிழைப்பில் இதைவிடச் சுத்தமாக ஒரு விஷயத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், அவர் திருப்பிச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

மிதிப்பதை நிறுத்தினார். சிவப்புப் பொத்தான் டப்பாவை எடுத்து மூடியைத் திருகித் திறந்தார். மறுபடி திருகி மூடினார்.

"அவளால ஒரு மூடியைத் திருக முடியாது தங்கச்சி" என்றார். "அதுக்குத்தானே நான் இருந்தேன்."